கிளிப்பர், ஃபாக்ஸ்புரோ டாஸ் புரோகிராம்கள் புதுக் கணினியில் ஊர்வது ஏன்?

பழங்கணக்கு:

வணக்கம் நண்பர்களே. எங்கள் அலுவலகத்தில் சரக்கு இருப்பு, பில் இரண்டும் இன்றும் ஒரு டாஸ் புரோகிராமில்தான் ஓடுகின்றன. கிளிப்பர் 5.2 என்ற பழைய தரவுத்தள மொழியில் எழுதியது. தரவு டிபிஎஃப் கோப்புகளில், தேடலுக்கு என்டிஎக்ஸ் இன்டெக்ஸ் கோப்புகள். மூல நிரல் முழுதாக என்னிடம் இருக்கிறது. எழுதியவர் இப்போது தொடர்பில் இல்லை, பராமரிப்பு என் பொறுப்பு.

எக்ஸ்பி இருந்தவரை குறை சொல்ல எதுவும் இல்லை. இப்போது 32 பிட் விண்டோஸ் 10 கணினிகளுக்கு மாறிவிட்டோம். செயலி, நினைவகம், எஸ்எஸ்டி எல்லாமே பழையதைவிடப் பல மடங்கு மேல். ஆனாலும் புரோகிராம் முன்பைவிட மெதுவாகிவிட்டது.

ஒருவர் மட்டும் உள்ளே இருந்தால் பறக்கிறது. இரண்டாவது ஆள் நுழைந்ததும் இருவருக்குமே தவழ ஆரம்பிக்கிறது. ஒவ்வொரு மெனுவைத் தொட்டாலும் திரை வர நேரம் பிடிக்கிறது. யாரும் எதுவும் செய்யாமல் மெனுவில் விட்டுவைத்தாலும் விசிறி இரைகிறது, டாஸ்க் மேனேஜரில் ஒரு கோர் முழுதாக எரிகிறது. ஒரு கணினி மட்டும் விண்டோஸ் 11. அதில் டாஸ்பாக்ஸ் என்ற டாஸ் எமுலேட்டரைப் போட்டுப் பார்த்தோம், மாதாந்திர அறிக்கை முடியவே மாட்டேன் என்கிறது. அப்புறம், பிரிண்ட் கொடுத்தால் கொஞ்ச நேரம் கழித்துத்தான் காகிதம் நகர்கிறது.

எங்கிருந்து தொடங்குவது?

வடக்கயிறு:

நண்பரே, நீங்கள் ஒரே நோயாகச் சொல்வது எனக்கு நான்கைந்து தனித்தனி நோயாகத் தெரிகிறது. ஒவ்வொன்றுக்கும் காரணம் வேறு. ரெஜிஸ்ட்ரியில் கை வைப்பதற்கு முன் ஒரு சோதனை மட்டும் செய்யுங்கள்.

எல்லாரும் வெளியேறிய பிறகு, தரவு ஃபோல்டரை அப்படியே ஒரு கணினியின் சொந்த வட்டுக்கு நகல் எடுத்து, அங்கிருந்தே ஓட்டுங்கள். நகலில் நுழைக்கும் கணக்கு உண்மைக் கணக்கோடு கலந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சொந்த வட்டில் வேகமாக இருந்தால் சிக்கல் நெட்வொர்க்கில். அங்கேயும் மெதுவென்றால் நிரலிலோ ஓட்டும் சூழலிலோ இருக்கிறது. இது தெரியாமல் யார் என்ன ஆலோசனை சொன்னாலும் இருட்டில் கல் எறிவதுதான்.

புதுவழி:

நேராகச் சொல்கிறேன், தப்பாக நினைக்க வேண்டாம். டிபிஎஃப்-ஐ விட்டு வெளியே வாருங்கள். போஸ்ட்கிரெஸ் மாதிரி ஒரு எஸ்க்யூஎல் சர்வரில் தரவை ஏற்றி, புது முகப்பு எழுதிவிடுங்கள். எக்ஸ்பி, 10, 11 என்று ஒவ்வொரு முறையும் இதே போராட்டம் எதற்கு? விண்டோஸ் 10-க்கு ஆதரவு 2025 அக்டோபரோடு முடிந்துவிட்டது. 11-இல் 32 பிட் பதிப்பே கிடையாது. 64 பிட்டில் டாஸ் புரோகிராம்களை ஓட்டும் என்டிவிடிஎம் என்ற விண்டோஸ் பகுதி இல்லை, அதனால் 16 பிட் டாஸ் புரோகிராம் நேரடியாக ஓடவே ஓடாது.

கிளிப்பர்தாசன்:

புதுவழி சொல்லும் தகவல் எல்லாம் சரி, முடிவில்தான் எனக்கு உடன்பாடு இல்லை. இருபது, முப்பது வருடம் ஓடிய கணக்குப் புரோகிராமில் வியாபாரத்தின் விதிகள் அத்தனையும் நிரலுக்குள் புதைந்திருக்கும். எந்தச் சரக்குக்கு எப்படிக் கழிவு, ரத்தான பில் இருப்பில் எப்படித் திரும்பும் என்பதெல்லாம் வேறு எங்கும் எழுதி வைக்கப்பட்டிருக்காது. அவற்றைத் தோண்டி எடுத்துப் புதிதாக எழுத மாதங்கள் ஆகும். அதுவரை இவருக்கு நாளைக் காலையில் பில் போட்டாக வேண்டும்.

தவிர, மூல நிரல் கையில் இருக்கிறது. அது இல்லாதவர்கள் எத்தனை பேர் தவிக்கிறார்கள்! இவர் நிலைமை நல்ல நிலைமை.

பழங்கணக்கு:

சோதனை செய்துவிட்டேன். சொந்த வட்டிலிருந்து ஓட்டினால் மெனு, தேடல், பில் எல்லாம் தட்டியவுடன் வருகின்றன. மாதாந்திர அறிக்கை மட்டும் சுமாராகத்தான் போகிறது. கோர் எரிவது அங்கேயும் அப்படியே. விண்டோஸ் 11-இல் டாஸ்பாக்ஸ், தரவு சொந்த வட்டில் இருந்தும் படு மெதுவு.

கிளிப்பர்தாசன்:

நல்லது, படம் தெளிவாகிவிட்டது. முதலில் டாஸ்பாக்ஸ், அதுதான் எளிது.

டாஸ்பாக்ஸ் பழைய விளையாட்டுகளை அந்தக் காலத்து வேகத்திலேயே ஓட்டுவதற்காகப் பிறந்தது. அதன் 0.74 பதிப்பில் சைக்கிள்ஸ் என்ற வேக அமைப்பு முன்னிருப்பாக ஆட்டோவில் இருக்கும். ஆட்டோ என்றால் ரியல் மோடு என்ற பழைய டாஸ் முறையில் ஓடும் புரோகிராமுக்கு 3000 சைக்கிள், புரொடெக்டட் மோடுக்கு மட்டும் முழு வேகம். சாதாரணமாக லிங்க் செய்த கிளிப்பர் புரோகிராம் ரியல் மோடில்தான் ஓடும். அதாவது உங்கள் புதுக் கணினிக்குள் 80-களின் கடைசியில் இருந்த ஒரு கணினி உட்கார்ந்து அறிக்கை போட்டுக்கொண்டிருக்கிறது. கான்ஃபிக் கோப்பில் சைக்கிள்ஸை மேக்ஸ் என்றும், கோரை டைனமிக் என்றும் மாற்றினால் வித்தியாசம் உடனே தெரியும்.

ஆனால் ஒரு எச்சரிக்கை, இதை அழுத்திச் சொல்கிறேன். சாதாரண டாஸ்பாக்ஸில் ரெக்கார்டு பூட்டு வேலை செய்யாது. இரண்டு பேர் ஒரே பில் கோப்பைத் திறந்து எழுதினால் தடுக்க ஆளில்லை, இன்டெக்ஸ் சிதைந்துவிடும். பகிர்ந்த தரவில் அதை ஓட்டவே ஓட்டாதீர்கள். அலுவலக டாஸ் புரோகிராம்களுக்கென்றே எழுதிய விடாஸ் இருக்கிறது, டாஸ்பாக்ஸ்-எக்ஸ் இருக்கிறது. லினக்ஸ் என்றால் டாஸ்எமு2. இவற்றில் பூட்டு, பிரிண்டர் இரண்டையும் கவனித்திருக்கிறார்கள். எதைப் போட்டாலும் இரண்டு கணினியில் ஒரே ரெக்கார்டைத் திறந்து, இரண்டாவது ஆளுக்குப் ‘பிறர் பயன்பாட்டில் உள்ளது’ என்று உங்கள் புரோகிராம் சொல்கிறதா என்று பார்த்த பிறகே நம்புங்கள்.

வடக்கயிறு:

இப்போது நெட்வொர்க். இதுதான் பெரிய வில்லன், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

டிபிஎஃப் முறையில் சர்வர் என்பது வெறும் வட்டு. தேடுவது, ஒப்பிடுவது எல்லாம் உங்கள் கணினியில் நடக்கிறது. என்டிஎக்ஸ் இன்டெக்ஸ் 1024 பைட் பக்கங்களாக இருக்கும். ஒரு சரக்கின் எண்ணைத் தேடினால் மரத்தின் உச்சிப் பக்கம், அடுத்த பக்கம், அதற்கடுத்தது என்று இறங்கி, கடைசியில் டிபிஎஃப்-இல் அந்த ரெக்கார்டைப் படிக்கும். ஒவ்வொன்றும் கம்பி வழியாகப் போய்த் திரும்ப வேண்டிய தனிக் கோரிக்கை. தரவின் அளவு சின்னதுதான், போய்வரும் காத்திருப்புதான் கூடிக்கொண்டே போகிறது. அதனால்தான் கிகாபிட் கேபிள் போட்டும் பலருக்கு வேகம் கூடுவதில்லை.

ஒருவர் மட்டும் இருக்கும்போது ஏன் பறக்கிறது? விண்டோஸ் பகிர்வில் ஆப்லாக் என்று ஒரு ஏற்பாடு உண்டு. கோப்பை ஒரே ஒரு கணினி திறந்திருந்தால், ‘இது இப்போதைக்கு உன்னிடமே இருக்கட்டும்’ என்று சர்வர் அனுமதி கொடுத்துவிடும். அந்தக் கணினி படித்ததை எல்லாம் தன் நினைவகத்திலேயே வைத்துக்கொள்ளும். இரண்டாவது ஆள் அதே கோப்பைத் திறந்து எழுதத் தொடங்கினால் அனுமதி பறிபோகும். அதன் பிறகு ஒவ்வொரு பக்கத்துக்கும் சர்வருக்கு ஓட வேண்டியதுதான். நீங்கள் சொன்ன அறிகுறி எழுத்துக்கு எழுத்து இதுதான்.

சிலர் இதற்கு, விண்டோஸ் பகிர்வு பயன்படுத்தும் எஸ்எம்பி நெறிமுறையின் முதல் பதிப்பைத் திரும்ப இயக்கச் சொல்வார்கள். வேண்டாம். 2017-இல் வானாக்ரை என்ற பணம் பறிக்கும் தீநிரல் பரவியது அந்தப் பதிப்பின் ஓட்டை வழியாகத்தான். அதே ஆண்டு முதல் விண்டோஸ் 10 அதை முன்னிருப்பாக நிறுவுவதையே நிறுத்திவிட்டது. ஒரு பில் புரோகிராமுக்காக அலுவலகத்தின் கதவையே திறந்து போடக் கூடாது. ஆப்லாக்கை நிறுத்துவதும் வேகத்துக்கான மருந்தல்ல. நிறுத்தினால் இன்டெக்ஸ் பாதுகாப்பாக இருக்கலாம், வேகம் குறையவே செய்யும்.

செய்ய வேண்டியவற்றில் முதலாவது ஆன்டிவைரஸ். உங்கள் புரோகிராம் ஒவ்வொரு மெனுவிலும் ஏழெட்டு டிபிஎஃப், அவற்றின் என்டிஎக்ஸ் எல்லாவற்றையும் திறந்து மூடும் வகையாக இருக்கும், அந்தக் காலத்தில் அப்படித்தான் எழுதினார்கள். கோப்பு திறக்கும்போதெல்லாம் ஆன்டிவைரஸ் ஒரு முறை துழாவும். தரவு ஃபோல்டருக்கு மட்டும், டிபிஎஃப், டிபிடி (மெமோ கோப்பு), என்டிஎக்ஸ் வகைகளுக்கு மட்டும் விலக்கு கொடுங்கள். சர்வரிலும் கொடுக்க வேண்டும், பயனர் கணினியிலும் கொடுக்க வேண்டும். பலர் ஒரு பக்கம் மட்டும் கொடுத்துவிட்டுப் பலனில்லை என்பார்கள்.

அடுத்து, நிரலில் கோப்புகளைத் தேடும் ஃபோல்டர் பட்டியலான செட் பாத் என்ன என்று பாருங்கள். அதில் நான்கு ஃபோல்டர் வரிசையாக இருந்து தரவு நான்காவதில் இருந்தால், ஒவ்வொரு கோப்புக்கும் மூன்று இடத்தில் தேடித் தோற்ற பிறகே நான்காவதுக்கு வரும். தரவு ஃபோல்டரில் பழைய தற்காலிகக் கோப்புகள் ஆயிரக்கணக்கில் குவிந்திருந்தால் அவற்றையும் அப்புறப்படுத்துங்கள். வைஃபையில் ஓட்டுபவர்கள் கம்பிக்கு மாற வேண்டும். காத்திருப்பு நேரம் மட்டுமல்ல, இணைப்பு ஒரு நொடி அறுந்தாலும் இன்டெக்ஸ் போய்விடும்.

இவை எல்லாம் செய்தும் போதாது என்றால் நிரந்தரத் தீர்வு ஒன்று உண்டு. தரவு இருக்கும் கணினியிலேயே புரோகிராமையும் ஓட்டி, மற்றவர்கள் ரிமோட் டெஸ்க்டாப் வழியாக நுழைவது. திரை மட்டும்தான் கம்பியில் போகும், கோப்புகள் இருந்த இடத்திலேயே இருக்கும். ஒரே நேரத்தில் பல பேர் நுழைய விண்டோஸ் சர்வர் பதிப்பு வேண்டும், சாதாரணப் பதிப்பில் ஒருவருக்கு மேல் முடியாது. இன்றைய சர்வர் பதிப்புகள் 64 பிட் என்பதால் அங்கே விடாஸ் போன்ற ஒன்றில்தான் புரோகிராமை ஓட்ட வேண்டியிருக்கும்.

பழங்கணக்கு:

அருமையான விளக்கம், மிக்க நன்றி. ஆன்டிவைரஸ் விலக்கைச் சர்வரில் மட்டும்தான் கொடுத்திருந்தோம். ஒரு சந்தேகம். சில நேரம் ஒருவர் போட்ட பில் மற்றவர் திரையில் உடனே தெரிவதில்லை, சில வினாடி கழித்துத் தெரிகிறது. இதுவும் ஆப்லாக்கா?

வடக்கயிறு:

இல்லை, அது எஸ்எம்பி 2 கொண்டுவந்த வேறொரு சேமிப்பு. கோப்பின் அளவு போன்ற விவரங்களைப் பயனர் கணினி கொஞ்ச நேரம் நினைவில் வைத்துக்கொள்ளும். முன்னிருப்பு 10 வினாடி. மற்றவர் ஒரு ரெக்கார்டு சேர்த்திருப்பார், கோப்பு வளர்ந்திருக்கும், உங்கள் கணினி பழைய அளவையே நம்பிக்கொண்டிருக்கும். ரெஜிஸ்ட்ரியில் லேன்மேன் வொர்க்ஸ்டேஷன் சேவையின் பாராமீட்டர்ஸ் பகுதியில் ஃபைல் இன்ஃபோ, டைரக்டரி, ஃபைல் நாட் ஃபவுண்ட் என்ற மூன்று கேஷ் லைஃப்டைம் மதிப்புகள் உண்டு. மூன்றையும் எல்லாப் பயனர் கணினியிலும் பூஜ்யம் ஆக்கி, கணினியை மறுபடி தொடங்குங்கள். வேகம் ஒரு சிட்டிகை குறையலாம். கணக்குப் புரோகிராமில் சரியான எண்ணிக்கைதான் முதலில்.

கிளிப்பர்தாசன்:

இனி எரியும் கோர். விசைப்பலகையில் யாராவது தட்டினார்களா என்று டாஸ் புரோகிராம் இடைவிடாமல் கேட்டுக்கொண்டே இருக்கும். டாஸில் ஒரே ஒரு புரோகிராம்தான், அதனால் அது யாருக்கும் தொந்தரவாக இருந்ததில்லை. விண்டோஸில் என்டிவிடிஎம் இந்த வெற்றுக் கேள்விகளை எண்ணிப் பார்த்து, சும்மாதான் இருக்கிறது என்று தெரிந்தால் நேரத்தைப் பிடுங்கி மற்றவர்களுக்குக் கொடுக்க முயலும்.

ஒன்று கேட்கிறேன், உங்கள் மெனுவின் வலது மேல் மூலையில் கடிகாரம் ஓடுகிறதா?

பழங்கணக்கு:

ஆமாம் சார்! நொடி முள் மாதிரி ஓடும். எப்படித் தெரிந்தது?

கிளிப்பர்தாசன்:

அந்தக் காலத்துக் கிளிப்பர் புரோகிராம்களில் பாதிக்கு மேல் அது இருக்கும். நிரலில் இப்படி ஒரு சுற்று இருக்கும், பாருங்கள்: இன்கீ (தட்டிய விசையைச் சொல்லும் செயல்பாடு) பூஜ்யமாக இருக்கும்வரை, முதல் வரியில் 70-ஆவது இடத்தில் டைம் எழுது, திரும்பு. அடைப்புக்குள் எதுவும் இல்லாத இன்கீ காத்திருக்காமல் உடனே திரும்பிவிடும். ஆகவே செயலி எவ்வளவு வேகமோ அவ்வளவு வேகமாக, மாறாத அதே நேரத்தைத் திரும்பத் திரும்பத் திரையில் எழுதிக்கொண்டிருக்கிறது. நடுநடுவே திரை எழுத்து நடப்பதால் புரோகிராம் சும்மா இருக்கிறது என்று என்டிவிடிஎம்மால் கண்டுபிடிக்கவும் முடிவதில்லை.

இன்கீக்கு 1 கொடுத்து ஒரு நொடி காத்திருக்கச் சொன்னால் திரை எழுத்து குறையும், ஆனால் உள்ளே கிளிப்பர் தானே சுற்றிக்கொண்டுதான் இருக்கும். சரியான வழி, அந்தச் சுற்றுக்குள் நேரத்தை விட்டுக்கொடுக்கும் அழைப்பு ஒன்றைச் சேர்ப்பது. இன்டரப்ட் 2எஃப், ஏஎக்ஸில் 1680, இரண்டுமே ஹெக்ஸ் எண்கள். நான்ஃபோரம் நூலகத்தில் இதைப் போன்றவற்றுக்குத் துணை உண்டு, சின்ன அசெம்பிளி துண்டாகவும் லிங்க் செய்யலாம். கடிகாரத்தை நொடி மாறும்போது மட்டும் எழுதுங்கள். மூல நிரல் இல்லாதவர்கள் இதே வேலையை வெளியிலிருந்து செய்யும் டேம் போன்ற துணைக் கருவியைத் தேடலாம்.

அடுத்தது மாதாந்திர அறிக்கை. அந்தப் பகுதி நிரலில் என்ன இருக்கிறது?

பழங்கணக்கு:

பில் கோப்பைத் திறந்து, செட் ஃபில்டரில் மாதமும் வாடிக்கையாளர் எண்ணும் கொடுத்து, கோ டாப் (முதல் ரெக்கார்டு), பிறகு ஈஓஎஃப் (கோப்பின் முடிவு) வரை ஸ்கிப். நடுவில் எத்தனையாவது ரெக்கார்டு என்று திரையில் காட்டும். ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் இது திரும்ப நடக்கும்.

கிளிப்பர்தாசன்:

கண்டுபிடித்துவிட்டீர்கள். கிளிப்பரின் செட் ஃபில்டர் இன்டெக்ஸைப் பயன்படுத்தித் தாவாது. ஒவ்வொரு ரெக்கார்டாகப் படித்து, பொருந்துகிறதா என்று பார்த்து, இல்லையென்றால் அடுத்ததற்குப் போகும். 2 லட்சம் ரெக்கார்டு இருந்து ஒரு வாடிக்கையாளருக்கு 30 பில் என்றாலும் 2 லட்சத்தையும் படித்தாக வேண்டும். 500 வாடிக்கையாளர் என்றால் பெருக்கிப் பாருங்கள், 10 கோடி. சொந்த வட்டிலேயே சுமார் என்றால் நெட்வொர்க்கில் என்ன ஆகும்!

வாடிக்கையாளர் எண்ணும் தேதியும் சேர்ந்த ஒரு இன்டெக்ஸ் போடுங்கள். சரியாகப் பொருந்தாவிட்டால் அடுத்ததில் போய் நிற்கும் சாஃப்ட்சீக்கை ஆன் செய்து, அந்த எண்ணும் மாதத்தின் முதல் தேதியும் சேர்ந்ததற்கு ஒரு சீக். பிறகு ‘அதே எண், அதே மாதம் இருக்கும்வரை’ என்று டூ வைல். 30 பில்லுக்கு 31 ரெக்கார்டு படித்தால் போதும். கணினி மாற்றிக் கிடைக்காத வேகம் இந்த ஒரு மாற்றத்தில் கிடைக்கும்.

திரையில் எண்ணிக்கை காட்டுவதை ஆயிரத்துக்கு ஒரு முறை ஆக்குங்கள். சாளரத்துக்குள் ஓடும் டாஸ் திரையில் எழுதுவது செலவான வேலை. எழுதும் சுற்றுக்குள் ஒவ்வொரு ரெக்கார்டுக்கும் கமிட் (உடனே வட்டில் எழுதும் கட்டளை) இருக்கிறதா என்றும் பாருங்கள். பில் சேமிக்கும் இடத்தில் அது இருக்கத்தான் வேண்டும், எடுக்காதீர்கள். இரவில் தனியாக ஓடும் வருட முடிவு வேலையில் மட்டும் கடைசியில் ஒரு முறை போதும். அதையும் எக்ஸ்க்ளூசிவ் ஆகத் திறந்து ஓட்டினால் ரெக்கார்டு பூட்டுச் செலவும் மிஞ்சும்.

நரிவால்:

இந்த இழையை ஃபாக்ஸ்புரோக்காரர்களும் படிப்பார்கள், அவர்களுக்காகக் கொஞ்சம். டாஸுக்கான ஃபாக்ஸ்புரோ 2.6 வைத்திருப்பவர்களுக்கு ரஷ்மோர் என்ற தேடல் நுட்பம் இருக்கிறது, அது ஃபாக்ஸ்புரோவின் சிடிஎக்ஸ் இன்டெக்ஸ் வைத்தே ஃபில்டரை வேகப்படுத்தும். ஆனால் நிபந்தனையில் எழுதிய கோவை இன்டெக்ஸில் உள்ள கோவையோடு எழுத்து மாறாமல் பொருந்த வேண்டும். இன்டெக்ஸில் அப்பர் (பெரிய எழுத்தாக்குவது) போட்டிருந்து, நிபந்தனையில் வெறும் பெயர் எழுதினால் ரஷ்மோர் எட்டிப் பார்க்காது. செட் டெலிட்டட் ஆன் வைத்திருந்தால் டெலிட்டட் என்பதற்கும் சிடிஎக்ஸில் ஒரு டேக் (தனி இன்டெக்ஸ்) போடுங்கள். செட் டாக்கை ஆஃப் செய்யுங்கள்.

கான்ஃபிக் டாட் எஃப்பி கோப்பில் தற்காலிகக் கோப்புகளின் இடத்தைச் சொந்த வட்டுக்குத் திருப்புவது மிக முக்கியம். பல இடங்களில் வரிசைப்படுத்தும் தற்காலிகக் கோப்பு சர்வருக்கே போய்வந்துகொண்டிருக்கும். வேகமான செயலியில் தொடங்கும்போதே பூஜ்யத்தால் வகுத்த பிழை வந்து நின்றால், அது தொடக்கத்தில் வேகம் அளக்கும் சுற்றின் கோளாறு, அதற்குத் திருத்தம் உண்டு.

பழங்கணக்கு:

பிரிண்டர் தாமதம் பற்றி யாரும் சொல்லவில்லையே?

வடக்கயிறு:

டாஸ் புரோகிராம் எல்பிடி1 என்ற பிரிண்டர் போர்ட்டுக்கு எழுதிவிட்டு, முடிந்தது என்று சொல்லாமல் விட்டால், இன்னும் ஏதாவது வருமோ என்று என்டிவிடிஎம் காத்திருக்கும். முன்னிருப்பு 15 வினாடி. அச்சிட்ட பிறகு வெறும் செட் பிரிண்டர் டூ என்று ஒரு வரி சேர்த்துப் போர்ட்டை மூடுங்கள். நிரலைத் தொட முடியாதவர்கள் ரெஜிஸ்ட்ரியில் டபிள்யூஓடபிள்யூ பகுதியில் உள்ள எல்பிடி டைம்அவுட்டைக் குறைக்கலாம்.

புதுவழி:

எல்லாவற்றையும் படித்தேன். வேகம் சரியாகும் என்பதை ஏற்கிறேன். ஆனால் 64 பிட் கேள்வி அப்படியே நிற்கிறது. 32 பிட் கணினிகளை எத்தனை நாள் வைத்திருப்பது?

கிளிப்பர்தாசன்:

நியாயமான கேள்வி. மூல நிரல் இருப்பதால் ஹார்பர் இருக்கிறது. கிளிப்பர் மொழியை அப்படியே ஏற்றுக்கொள்ளும் திறந்த மூலக் கம்பைலர், விண்டோஸுக்கும் லினக்ஸுக்கும் 64 பிட் புரோகிராமாகவே கொடுக்கும். நினைவக நெருக்கடி, ஒரே நேரத்தில் திறக்கும் கோப்பு எண்ணிக்கைக்கு எஃப் அமைப்பு என்ற தொல்லை எல்லாம் போய்விடும். அதன் இன்கீ காத்திருக்கும்போது செயலியை விட்டுவிடும், ஆகவே எரியும் கோரும் தணியும். நான்ஃபோரம், சிஏ டூல்ஸ் நூலகங்களின் செயல்பாடுகளுக்கு அதிலேயே இணையான நூலகங்கள் உண்டு. அசெம்பிளியில் எழுதிய துண்டுகளை மட்டும் மாற்றி எழுத வேண்டும்.

என்டிஎக்ஸ் கோப்புகளைக் கிளிப்பரின் பூட்டு முறையிலேயே கையாளும். கிளிப்பர் இன்டெக்ஸைப் பூட்டுவது கோப்பின் உள்ளடக்கத்தில் அல்ல, எட்டாத தூரத்தில் 100 கோடியாவது பைட்டில். ஹார்பரும் அங்கேயே பூட்டும். அதனால் ஒரு கணினியில் புதுப் புரோகிராமும் மற்றவற்றில் பழையதும் ஒரே தரவில் சேர்ந்து ஓடலாம். கணினி கணினியாக மாற்றிக்கொண்டே போகலாம், ஒரே இரவில் எல்லாவற்றையும் புரட்டிப் போட வேண்டியதில்லை. நாளை எஸ்க்யூஎல் தேவைப்பட்டால் அதே ஹார்பரிலிருந்து போகவும் வழி உண்டு.

புதுவழி:

ஒரே தரவில் இரண்டும் சேர்ந்து ஓடும் என்பது எனக்குப் புதிய செய்தி. அப்படியென்றால் இவருக்கு அதுவே நல்ல வழி. மாற்றும் காலத்தில் தினமும் தரவை வேறு வட்டுக்கு நகல் எடுங்கள், அவ்வளவுதான் நான் சேர்ப்பது.

பழங்கணக்கு:

நண்பர்களே, நிலவரம் சொல்கிறேன். பயனர் கணினிகளிலும் ஆன்டிவைரஸ் விலக்கு கொடுத்ததும் மெனு உடனே திறக்கிறது. செட் பாத்தில் இப்போது இல்லாத இரண்டு டிரைவ்கள் இருந்தன, எடுத்துவிட்டேன். கடிகாரத்தைத் திருத்தி நேரம் விட்டுக்கொடுக்கும் அழைப்பைச் சேர்த்த பிறகு விசிறி அடங்கிவிட்டது. பிரிண்டர் உடனே நகர்கிறது. இரண்டு பேர் உள்ளே இருக்கும்போது முன்பு போல் தவழ்வதில்லை, எக்ஸ்பி கால வேகத்துக்குக் கொஞ்சம் கீழே, வேலைக்குப் போதும். விண்டோஸ் 11 கணினிக்கு ஹார்பர் முயற்சியைத் தொடங்கிவிட்டேன், கம்பைல் ஆகிறது.

அறிக்கைக்கு இன்டெக்ஸ் போடும்போது ஒரு தடை. வாடிக்கையாளர் எண் எழுத்து வகை, தேதி தேதி வகை. இரண்டையும் கூட்டினால் வகை பொருந்தவில்லை என்கிறது. தேதியை எழுத்தாக்கும் டிடிஓசி போட்டுச் சேர்த்தால் வரிசை குழம்புகிறது.

கிளிப்பர்தாசன்:

டிடிஓசி வேண்டாம். அது நாளை முதலில் வைத்தால் நாள் வாரியாகவும், மாதத்தை முதலில் வைத்தால் மாத வாரியாகவும் அடுக்கிவிடும். டிடிஓஎஸ் போடுங்கள். அது செட் டேட் எதுவாக இருந்தாலும் ஆண்டு, மாதம், நாள் என்று எட்டு எழுத்தாகவே கொடுக்கும், வரிசை தானாகச் சரியாகும். சீக் செய்யும்போதும் அதே அமைப்பில், எண்ணின் நீளம் குறையாமல் இடைவெளி நிரப்பிக் கொடுக்க வேண்டும்.

இன்னொன்று. பழைய என்டிஎக்ஸ் கோப்புகளை ரீஇன்டெக்ஸ் கட்டளையால் புதுப்பிக்காதீர்கள். அது பழைய தலைப்பகுதியை அப்படியே வைத்துக்கொண்டு உள்ளே மட்டும் கட்டும், தலைப்பு கெட்டிருந்தால் கேடு தொடரும். எல்லாரையும் வெளியேற்றி, என்டிஎக்ஸ் கோப்புகளை அழித்துவிட்டு, இன்டெக்ஸ் ஆன் கொண்டு புதிதாக உருவாக்குங்கள். புது இன்டெக்ஸை, பில் கோப்பில் எழுதும் எல்லா மெனுவிலும் செட் இன்டெக்ஸ் பட்டியலின் கடைசியில் சேர்க்க வேண்டும். ஒரு இடத்தில் விட்டுப்போனாலும் அங்கே போட்ட பில்கள் மட்டும் அறிக்கையில் வராது.

பழங்கணக்கு:

டிடிஓஎஸ் சரியாக வருகிறது. பில் கோப்பு திறக்கும் இடங்களை எல்லாம் தேடிப் பட்டியல் எடுத்துக்கொண்டிருக்கிறேன். ரத்து பில் மெனுவில் விட்டுப்போயிருந்தது, சேர்த்துவிட்டேன்.